சனிக்கிழமை இரும்பு

இரண்டு வாரத்தில் நான்கு முறை, பெங்களூரின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டுக்குப் போய் நான்கு முறையும் வெறுங்கையோடு திரும்பினேன். கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லி வைத்தவர் காலத்தில் லேப்டாப் இல்லை. இருந்திருந்தால் அதையும் சேர்த்திருப்பார்.

சினிமா பார்க்க, மெயில் பார்க்க என்றால் முதல் நாளே ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். எனக்கு வேண்டியது டிசைன் வேலைக்கு. பீனியாவில் ஒரு டூல் ரூம் கம்பெனியில் பதினான்கு வருடம் டை டிசைன் செய்தவள் நான். டை என்பது ஆயிரத்துச் சொச்சம் துண்டுகள் சேர்ந்த பெரிய எஃகு அச்சு. பிரஸ்ஸில் மாட்டி அடித்தால் தட்டைத் தகடு ஒரு பக்கம் நுழைந்து, கார் கதவின் கீலாக மறுபக்கம் விழும். அந்த ஆயிரம் துண்டையும் கம்ப்யூட்டரில் ஒன்றோடொன்று பொருத்தி, சுற்றிப் பார்த்து, குறுக்கே வெட்டிப் பார்த்து, எங்கே எது இடிக்கும் என்று எஃகை அறுப்பதற்கு முன்பே கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் வரைந்தவர் பெயருக்கென்று ஒரு கட்டம் உண்டு. பதினான்கு வருடமும் என் படங்களில் அந்தக் கட்டத்தில் முதலாளி மகனின் இனிஷியல்தான் இருந்தது. அவன் எஞ்சினியர், நான் டிப்ளமோ. வாங்குகிறவர்கள் பார்த்தால் மதிப்பாக இருக்கும் என்றார்கள்.

போன மாதம் அங்கே டிசைன் பிரிவை மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த மூன்றாம் நாள் ஹெப்பகோடியிலிருந்து போன் வந்தது. எங்கள் டைகளை வாங்கிக்கொண்டிருந்த கம்பெனியின் டிசைன் தலைவர் வெங்கடகிருஷ்ணன். டையில் சிக்கல் வந்தால் முதலாளி மகன் போனை என்னிடம்தான் நீட்டுவான் என்பதால், உண்மையில் வரைந்தது யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சுற்றி வளைக்காமல் சொன்னார். அடுத்த திங்களுக்கு அடுத்த திங்கள், பதினொரு மணிக்கு, உங்கள் சொந்த மெஷினோடு வாருங்கள். எங்கள் ஆட்கள் முன்னால் ஒரு டையைத் திறந்து, அவர்கள் கேட்கிற மாற்றத்தை அங்கேயே செய்து காட்டுங்கள். வெளியாட்களை எங்கள் கம்ப்யூட்டரைத் தொட விடுவதில்லை. சரியாக வந்தால் ஒரு வருட வேலை, உங்கள் பெயரிலேயே.

என் பெயரிலேயே. அன்று முதல் எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

என்னோடு வேலை பார்த்த சாய்கிருஷ்ணா முப்பது லேப்டாப்களைப் பட்டியல் போட்டு அனுப்பினான். மெமரி இவ்வளவு இருக்க வேண்டும், கிராஃபிக்ஸ் கார்டு தனியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆயிரம் துண்டு டையைத் திருப்பினால் திக்கித் திக்கித் திரும்பும். அவன் சொன்னது எல்லாமே எனக்கு முன்பே தெரியும். என் வீட்டுக்காரர் அசோகனிடம் கேட்டேன். அவர் சிட்டி பஸ் கண்டக்டர். “உனக்கு எது புடிச்சிருக்கோ அத வாங்கு” என்றார். இதைவிட உதவாத யோசனை உலகத்தில் கிடையாது.

பார்த்தது எல்லாவற்றிலும் குறை கண்டுபிடித்தேன். வேண்டாத பெண்டாட்டி கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம் என்கிற கதைதான். கடைசியில் சின்னப்பா என்பவரின் கடையில் இரண்டு மிஞ்சின. ஒன்று தடியன். கறுப்பு, இரண்டரை கிலோ, மூடியில் ஏதோ ராட்சசப் பூச்சி மாதிரி கோடுகள், சாவிகளுக்கு அடியில் சிவப்பு வெளிச்சம். கேம் விளையாடும் பிள்ளைகளுக்காகச் செய்தது. இன்னொன்று வெள்ளி நிறம், அலுமினியம், ஒரு நோட்டுப் புத்தகம் கனம். அதைத் திறந்து வைத்தாலே நாலு பேர் மரியாதையாகப் பேசுவார்கள் போல இருந்தது. ஒல்லியான மெஷின் சீக்கிரம் சூடாகும், சூடானால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று என் புத்தி சொன்னது. மனசோ வெள்ளியின் பக்கமே நின்றது. ஹெப்பகோடி மீட்டிங் அறையில் அந்தத் தடியனைப் பையிலிருந்து எடுக்கிற காட்சியை நினைத்தாலே எனக்குக் கூசியது.

என் டை ஒன்றின் ஃபைலையும், அதைத் திறந்து சுற்றிப் பார்க்க மட்டும் உதவும் சின்ன மென்பொருளையும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு போய், இரண்டிலும் ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். சின்னப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. காட்சிக்கு வைத்த மெஷின் மேடம், வைரஸ் வந்தால் யார் பொறுப்பு என்றார். நான்கு முறையும் அதே பதில். வெள்ளிக்கிழமை மாலையும் அந்தக் கடையில் முக்கால் மணி நேரம் நின்று, எதையும் வாங்காமல் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடை திறக்காது. ஆகவே மிஞ்சியது சனிக்கிழமை ஒன்றுதான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அதைச் சொன்னேன். அசோகனின் அக்கா ருக்கு அண்ணியும் இருந்தாள். எங்கள் ஸ்ரீராம்புரம் சந்திலேயே இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

“சனிக்கெழம இரும்பு வாங்கக் கூடாதும்மா.”

“அது இரும்பு இல்ல அண்ணி. பிளாஸ்டிக்கு.”

“உள்ள?”

அண்ணி உடனே அசோகனின் பைக் கதையை எடுத்தாள். பழைய பைக் ஒன்றை அவர் ஒரு சனிக்கிழமை வாங்கினார். அதே மாதம் ராஜாஜிநகர் திருப்பத்தில் விழுந்து கால் உடைந்தது. காலுக்குள் வைத்த கம்பியும் இரும்புதானே, அது மட்டும் நல்லது செய்ததே என்று நான் குத்திக் காட்டுவது வழக்கம். டாக்டர் அதை வைத்தது புதன்கிழமை என்பாள் அவள். இந்த முறை சண்டை வளர்க்காமல், என்னிடம் காந்தம் இருக்கிறது, வந்து ஒட்டிப் பார்க்கிறேன், ஒட்டாவிட்டால் வாங்கிக்கொள் என்றாள்.

வேண்டாம் என்றேன். நான் அந்தத் தெருவில்தானே இருக்கப்போகிறேன், எனக்கென்ன கஷ்டம் என்றாள்.

அண்ணிக்குக் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. காலை ஆறரையிலிருந்து மதியம் இரண்டரை வரை எஸ்.பி. ரோடு அவள் பெருக்கும் தெரு. நான் நான்கு முறையும் அங்கே மாலை ஐந்து மணிக்கு மேல்தான் போனேன். காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. என்னிடமே சொல்லிக்கொண்டதில்லை. கூட்டம் குறைவாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். மாலை ஐந்து மணிக்கு எஸ்.பி. ரோட்டில் கூட்டம் குறைவாக இருக்கும் என்று பெங்களூரில் ஒரு பிள்ளைகூட நம்பாது.

சனிக்கிழமை நான்கு மணிக்குப் போனேன். அதற்குள் அண்ணி வீட்டுக்குப் போயிருப்பாள் என்பது என் கணக்கு. அவள் கடை வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள், கார்ப்பரேஷன் கோட்டோடு. ஒன்றரை மணி நேரமாக எனக்காகக் காத்திருக்கிறாள். அந்தக் கோட்டின் முதுகில் இருக்கும் பட்டை வெயிலில் மின்னியது. என்னைப் பார்த்ததும் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் கடைக்குள் போனாள்.

நான்கு முறை என்னை மேடம் மேடம் என்றே வெறுங்கையோடு அனுப்பிய சின்னப்பா, அவளைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“என்ன ருக்கம்மா, நம்மவங்களா இவங்க?”

“நம்ம தம்பி பொண்டாட்டி. எஞ்சினியரு.”

டிப்ளமோ என்று திருத்த எனக்கு வாய் வரவில்லை. போன மழைக்காலத்தில் கடைக்குள் தண்ணீர் ஏறியபோது, அடைத்துக்கொண்டிருந்த சாக்கடையில் கையை விட்டுக் குப்பையை எடுத்தது அண்ணி என்று சின்னப்பா என்னிடம் சொன்னார். அதை அவள் எங்களிடம் சொன்னதே இல்லை. பென்டிரைவை அவரே வாங்கித் தன் கையால் செருகினார்.

இரண்டு லேப்டாப்பிலும் ஒரே நேரத்தில் என் டையைச் சுழல விட்டேன். வெள்ளி முதலில் வெண்ணெய் மாதிரி சுழன்றது. தடியன் விசிறிச் சத்தத்தோடு மிக்ஸி மாதிரி இரைந்தது. எனக்கு உள்ளூர சந்தோஷம். அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம் ஆகும்போது வெள்ளியின் மேல் கை வைத்தேன், சுட்டது. பதினைந்தாவது நிமிடம் அது ஒரு தடவை திக்கியது. பிறகு அடிக்கடி திக்கியது. தடியன் இரைந்துகொண்டே நிற்காமல் சுற்றினான். இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் வெள்ளியின் மூடியைத் தடவிக்கொண்டே நின்றேன்.

அப்போது அண்ணி காந்தத்தை எடுத்தாள். அது சாதாரணக் காந்தம் இல்லை. அந்தத் தெருக் குப்பையில் கிடந்த பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுத்தது. விரல் நீளம்தான், ஆனால் பீரோவில் ஒட்டினால் பிய்த்தெடுக்க இரண்டு கை வேண்டும். மெஜஸ்டிக் அண்ணம்மா கோயிலில் கொடுத்த அம்மன் படத்தை அதன் முகத்தில் ஒட்டி வைத்திருந்தாள். தடியனைத் தூக்கி அடிப்பக்கத்தின் நடுவில் வைத்தாள். டக்கென்று பிடித்துக்கொண்டது. வெள்ளியின் அடியில் வைத்தாள். ஒட்டவில்லை, வழுக்கிக்கொண்டு வந்தது.

“இதான் வாங்கணும்” என்றாள். “இதுல இரும்பு இல்ல.”

என் மனசுக்குப் பிடித்ததையே அவள் சாமியும் சொல்கிறது. ஒரு நிமிடம் நானும் சரி என்றிருப்பேன். அதற்குள் அவள் எதற்கும் பார்ப்போம் என்று சாவிகளுக்குப் பக்கத்தில், கை வைக்கும் இடத்தில் காந்தத்தை நகர்த்தினாள். வெள்ளியின் திரை பட்டென்று அணைந்தது. கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

சின்னப்பா மட்டும் சிரித்தார். எல்லா லேப்டாப் மூடியிலும் ஒரு சின்னக் காந்தம் இருக்கிறது, மூடினால் கீழே அதை உணர்ந்து மெஷின் தூங்கிவிடும், உன் காந்தத்தை மூடி என்று நினைத்துக்கொண்டது ருக்கம்மா, எடுத்துவிட்டால் எழுந்துகொள்ளும் என்றார். அதேபோல எழுந்துகொண்டது. அண்ணி சிரிக்கவில்லை. அப்படியென்றால் இதற்குள்ளும் இரும்பு இருக்கிறதே, இரண்டும் ஆகாதே என்று கடைக்கு நடுவில் நின்று கவலைப்பட ஆரம்பித்தாள். திங்கட்கிழமை வாங்கிக்கொண்டு போகலாமா என்று கேட்டாள். பத்துப் பேர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், என் சுடிதாரையும் அவள் கோட்டையும் மாறி மாறி. இரண்டு வாரமாக எனக்குள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் அங்கே வெளியே வந்தது.

“போதும் அண்ணி. இந்தக் கோட்டோட என் பக்கத்துல நிக்காதீங்க. என் வேலைய நான் பாத்துக்கறேன்.”

காந்தத்தைச் சொல்ல வந்தவள் கோட்டைச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அதை எந்தப் பக்கம் திருப்பினாலும் வேறு அர்த்தம் வரவில்லை. அண்ணி காந்தத்தைக் கோட்டுப் பையில் போட்டாள். சின்னப்பாவிடம் மட்டும் “பர்த்தினி” என்று கன்னடத்தில் விடைபெற்றுக்கொண்டு படியிறங்கிப் போனாள். சின்னப்பா என் முகத்தைப் பார்க்காமல் பென்டிரைவைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

தடியனை வாங்கினேன். வேலைக்கு அதுதான் சரி. வெள்ளியை வாங்கும் யோக்கியதை அந்த நேரத்தில் எனக்கு இல்லை என்றும் தோன்றியது. அந்த இரண்டரை கிலோ வீடு வந்து சேர்வதற்குள் தோளை அறுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மென்பொருளை ஏற்றினேன். டையைத் திறந்தேன், மூடினேன், வெட்டிப் பார்த்தேன், மறுபடி திறந்தேன். எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அரை மணிக்கு ஒரு தடவை உள்ளேயிருந்து ஒரு குரல் இரும்பு, சனிக்கிழமை என்றது. நம்பிக்கை இல்லாதவர்களுக்குத்தான் இந்தப் பயம் அதிகம் என்று நினைக்கிறேன். நம்புகிறவர்களுக்கு அடுத்து என்ன செய்வது என்றாவது தெரிந்திருக்கும்.

ஞாயிறு என்றால் அண்ணி வீட்டுக் கறிக்குழம்பு ஒரு கிண்ணம் அவள் கையாலேயே வரும். அன்று அசோகனைக் கூப்பிட்டுக் கொடுத்தனுப்பினாள். போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மூன்று முறை செருப்பு மாட்டினேன். மூன்று முறையும் ஃபைலை ஒரு தடவை சரிபார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் நான் குளித்துவிட்டு வந்தபோது, அக்கா வந்துட்டுப் போச்சு என்றார் அசோகன்.

“எதாவது தொட்டாங்களா?”

“மெஷின் கிட்டயே போகல. பையத்தான் பாத்துச்சு. பைக்குள்ள தனியா அறை இருக்கே, நல்லாருக்குன்னுச்சு.”

திங்கட்கிழமை ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறி, ஆர்.வி. ரோட்டில் மாறி, ஹெப்பகோடியில் இறங்கினேன். வழியெல்லாம் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜிப்பைத் திறந்து திறந்து சார்ஜர் இருக்கிறதா என்று தடவினேன். எதிரே இருந்தவர் நான் குழந்தை ஒன்றைக் கடத்திக்கொண்டு போகிறேனோ என்பதுபோலப் பார்த்தார்.

மீட்டிங் அறையில் நான்கு பேர். வெங்கடகிருஷ்ணன் போனில் பேசுவதைவிட மெதுவாகப் பேசினார். பக்கத்தில் அனன்யா என்றொரு பெண், இருபத்தைந்து வயதுதான் இருக்கும். என் வேலையைச் சோதிக்கப் போவது அவள். நான் தடியனை எடுத்து மேஜையில் வைத்ததும் அந்தப் பூச்சிக் கோடுகளைப் பார்த்துப் புன்னகை செய்தாள்.

மூடியைத் திறந்து பொத்தானை அழுத்தினேன். திரை வந்தது. உடனே அணைந்தது.

மறுபடி அழுத்தினேன். வந்தது, அணைந்தது. சார்ஜரை மாட்டினேன். வந்தது, அணைந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மெஷின் கெட்டுவிட்டது சார் என்று நான் சொன்னால் இந்த நான்கு பேரும் அதைத்தான் நினைப்பார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். வேண்டுமானால் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று வெங்கடகிருஷ்ணன் நல்ல மனதோடுதான் கேட்டார். இன்னொரு நாள் என்று ஒன்று கிடையாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அண்ணி சொன்னது பலித்துவிட்டது, சனிக்கிழமை இரும்பு என் காலை உடைத்துவிட்டது என்று அந்த நேரத்தில் முழுசாக நம்பினேன். படித்த படிப்பு எதுவும் பக்கத்தில் இல்லை.

அப்போது சின்னப்பாவின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. மெஷின் தூங்குகிறது. யாரோ மூடிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு தூங்குகிறது.

லேப்டாப்பைத் தூக்கிக் கவிழ்த்தேன். அடியில், வலது மூலையில், அண்ணம்மா.

அண்ணி அந்தக் காந்தத்தை லேப்டாப் பக்கமே கொண்டு வந்திருக்கமாட்டாள். திரை அணைந்ததைக் கண்ணால் பார்த்தவள். எனக்குக் காவலாக, சார்ஜர் வைக்கும் தனி அறையில், ஜாக்கிரதையாக, எட்டத்தில்தான் வைத்திருப்பாள். நான்தான் வழியெல்லாம் சார்ஜரைத் தடவுகிறேன் என்று அதை இழுத்து வெளியே விட்டிருக்கிறேன். வெளியே வந்த காந்தம் சனிக்கிழமை இரும்பைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டு கையால் பிய்த்தெடுத்தேன்.

“என்ன மேடம் அது?” என்றாள் அனன்யா.

நான்கு பேரும் என் உள்ளங்கையைப் பார்த்தார்கள். எங்கள் அண்ணி வைத்தது என்று சொல்லியிருக்கலாம். என்ன குறைந்துபோயிருக்கும் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். அப்போது, அண்ணி என்றால் அடுத்த கேள்வி வரும், அதற்கு அடுத்தது வரும், எங்கே வேலை பார்க்கிறார்கள் என்பதில் போய் நிற்கும் என்றே தோன்றியது.

“கடையில ஒட்டிக் குடுத்தாங்க” என்றேன்.

காந்தத்தைக் கைப்பைக்குள் போட்டு, அந்தப் பையை அறையின் மறு மூலை நாற்காலியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதன்பிறகு திரை அணையவில்லை.

டை திறந்தது. ஒரு துளையை மூன்று மில்லிமீட்டர் உள்ளே நகர்த்தச் சொன்னாள் அனன்யா. துளை போடும் பஞ்ச்சை நகர்த்திவிட்டால் ஆயிற்று என்று யாருக்கும் தோன்றும். நான் அந்த இடத்தில் டையைக் குறுக்கே வெட்டிக் காட்டினேன். நகர்த்தினால் அடியில் இருக்கும் ஒரு போல்ட்டின் தலையில் போய் இடிக்கும். போல்ட்டை இடம் மாற்றி, அதற்காக ஒரு பிளேட்டை அகலமாக்கி, எல்லாவற்றையும் திரும்ப ஓட விட்டுக் காட்டினேன். முக்கால் மணி நேரம் தடியன் அறை முழுக்கக் கேட்கும்படி இரைந்தான், ஒரு தடவைகூடத் திக்கவில்லை. அனன்யாவின் புன்னகை எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த போல்ட் இடிக்கும் என்று பார்க்காமலே எப்படித் தெரிந்தது என்று கேட்டாள்.

ஒரு மணிக்கு முன்பே வெங்கடகிருஷ்ணன் கை கொடுத்தார். வேலை எனக்குத்தான். வரைந்தவர் கட்டத்தில் என்ன பெயர் போட வேண்டும் என்று கேட்டார். வீணா அசோகன் என்றேன். அவர் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். பதினான்கு வருடம் நான் காத்திருந்த நிமிடம் அது. கைப்பை அறையின் மூலையில் இருந்தது. என் கண் அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

திரும்பும்போது மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். அசோகனுக்குப் போன் செய்து சொன்னேன். அக்காவிடம் சொல்லட்டுமா என்று கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன். போனைத் திரும்ப வைக்கக் கைப்பைக்குள் கை விட்டால், காந்தம் என் சாவிக்கொத்தைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. கடையில ஒட்டிக் குடுத்தாங்க. அந்த மூன்று வார்த்தை ஆர்.வி. ரோடு வரை கூடவே வந்தது, அங்கே வண்டி மாறியும் விடவில்லை. சனிக்கிழமை சொன்னதற்காவது கோபம் என்று ஒரு சாக்கு உண்டு. இன்றைக்குச் சொன்னதற்கு அதுவும் இல்லை.

வீட்டுக்குப் போக ஸ்ரீராம்புரம் வரை போக வேண்டும். சிக்பேட்டையில் கதவு திறந்ததும் இறங்கிவிட்டேன். மணி இரண்டு ஐந்து. தோளில் இரண்டரை கிலோவோடு கிட்டத்தட்ட ஓடினேன். அண்ணியின் வேலை நேரத்தில் அந்தத் தெருவுக்கு நான் போவது அதுதான் முதல் தடவை.

சின்னப்பா கடைக்கு நாலு கடை முன்னால் அண்ணி பெருக்கிக்கொண்டிருந்தாள். ஒயர் துண்டுகள், தெர்மோகோல், அட்டைப்பெட்டிக் கிழிசல். பக்கத்தில் அவர்களுடைய மேஸ்திரி கையில் நோட்டோடு நின்றிருந்தார். நான் மூச்சிரைக்க அவள் முன்னால் போய் நின்றேன். அவள் நிமிர்ந்தாள். என் பட்டுக்கரைப் புடவையைப் பார்த்தாள், தோளில் இருந்த பையைப் பார்த்தாள். ஒரு நொடி அவள் முகம் மலர்ந்ததை நான் கண்டேன். உடனே தலையைக் குனிந்துகொண்டு துடைப்பத்தை வீசினாள்.

“யாரு ருக்கம்மா இவங்க?” என்றார் மேஸ்திரி.

“யாரோ மேடம்” என்றாள் அண்ணி, என்னைப் பார்க்காமல். “அட்ரஸ் கேக்கறாங்க.”

அவள் குரலில் கோபம் துளிகூட இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. எனக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னாள். சனிக்கிழமை நான் கேட்டதை, கேட்டபடியே கொடுத்தாள். மேஸ்திரி, எந்த அட்ரஸ் மேடம் என்று பணிவாக என்னிடம் கேட்டார்.

“அட்ரஸ் கேக்கல மேஸ்திரி. இவங்க எங்க அண்ணி. என் வீட்டுக்காரரோட அக்கா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்.”

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. நான் அழுகிறவள் இல்லை, எரிந்து விழுகிறவள். மேஸ்திரி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, நோட்டைப் பார்த்தபடி தள்ளிப் போனார். அண்ணி இன்னும் மூன்று வீச்சு பெருக்கினாள். நான்காவதில் துடைப்பத்தை நிறுத்தினாள்.

“போன எடத்துல வேல செஞ்சுதா அது?”

“செஞ்சுது அண்ணி. வேல எனக்குத்தான்.”

கைப்பையிலிருந்து சாவிக்கொத்தும் காந்தமுமாக அப்படியே எடுத்து நீட்டினேன். இது யார் வைத்தது என்று கேட்டார்கள், கடையில் ஒட்டியது என்று பொய் சொல்லிவிட்டேன் என்றேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லாமல் அங்கே நிற்க முடியவில்லை. அண்ணி சாவிகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து என்னிடம் கொடுத்துவிட்டு, காந்தத்தைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

“இன்னும் இருபது நிமிசம் ஆவும்” என்றாள் கடைசியில்.

“இருக்கேன்.”

“வெயில்ல நிக்காத. மிசினு சூடாவும்.”

சின்னப்பா கடைப் படியில் நிழல் இருந்தது. போய் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை அவள் எனக்காக ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்த படி. போகிற வருகிறவர்கள் என்னைப் பார்த்தார்கள், தெருவில் துடைப்பத்தோடு நகர்ந்துகொண்டிருந்த அவளையும் பார்த்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவளைத்தான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.